மெயிலை அவளே எழுதட்டும்

அன்புத் தோழிக்கு,

உன் மகள் அதற்குள் பன்னிரண்டாம் வகுப்பா, நம்பவே முடியவில்லை. இங்கே எல்லோரும் நலம். என் பெண் கல்லூரி குதிரையேற்ற அணியில் இருக்கிறாள், போன் பண்ணினால் பரீட்சையைவிடப் போட்டிப் பேச்சுதான் அதிகம்.

சரி, அமெரிக்கக் கல்லூரி விண்ணப்பத்தில் உன் மகளின் குதிரையேற்றத்தை எப்படிக் காட்டுவது என்று நீ கேட்டதற்கு வருகிறேன். வாரம் எட்டு மணி நேரம் சவாரி செய்கிறவளுக்கு இருபது என்று போடச் சொன்னாராம் அந்தக் கல்லூரிச் சேர்க்கை ஆலோசகர், கல்லூரி அணிக் கோச்சுகளுக்குப் போகும் மெயிலையும் அவள் பெயரில் நீயே எழுதலாமாம். இரண்டுமே வேண்டாம். பல கல்லூரிகளுக்கும் பொதுவான விண்ணப்பமான காமன் ஆப்பில் ஒரு செயல்பாட்டை விவரிக்க 150 எழுத்துதான் இடம், அதோடு வாரத்துக்கு எத்தனை மணி, வருடத்துக்கு எத்தனை வாரம் என்று கேட்பார்கள், கடைசியில் அத்தனையும் உண்மை என்று உறுதி சொல்லிக் கையெழுத்துப் போடுகிறவள் உன் மகள். லஞ்சம் கொடுத்து, பிள்ளைகளை விளையாட்டு வீரர்கள் என்று பொய்யாகக் காட்டிக் கல்லூரியில் சேர்த்த ஆலோசகர் ரிக் சிங்கரின் வழக்கு 2019-இல் வெடித்தது ஞாபகம் இருக்கும், படகுப் போட்டிக்கே போகாத பெண்களைத் துடுப்புப் பயிற்சிக் கருவியில் உட்காரவைத்துப் படம் எடுத்த பெற்றோர் ஜெயிலுக்குப் போனார்கள். நாம் லஞ்சமா கொடுக்கிறோம், வெறும் ஒரு எண்தானே என்று உனக்குத் தோன்றலாம். ஆனால் நான் செய்தது அம்மாவுக்கே போதவில்லை என்றுதான் அந்தப் பிள்ளை எடுத்துக்கொள்ளும், எனக்கு அதுதான் பெரிய பயம்.

அதுவும் குதிரையேற்றத்தில் பொய் ரொம்ப நாள் தாங்காது. என்சிஏஏ என்ற அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் அணிகள் மோதும் போட்டியில் இரண்டு பக்கத்திலிருந்தும் ஆளுக்கொருவர் அதே குதிரையில் ஏறவேண்டும், பழகிக்கொள்ள நான்கு நிமிடம்தான். பயிற்சியாளர் தினமும் தயார்செய்து கொடுத்த விலையுயர்ந்த குதிரையில் வாங்கிய பரிசு ரிப்பன் அங்கே உதவாது.

ஐஎச்எஸ்ஏ என்ற கல்லூரிக் குதிரையேற்றச் சங்கம் இன்னொரு வகை. 1967-இல் உங்கள் நியூஜெர்சியில், ஃபேர்லி டிக்கின்சன் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. குதிரையை அங்கே குலுக்கலில்தான் தருவார்கள், முன்னனுபவத்தைப் பார்த்துப் பிரிவு ஒதுக்குவார்கள், கல்லூரிக்கு வந்த பிறகு முதன்முறையாகச் சேணத்தில் உட்காருகிறவர்களுக்கும் ஒரு பிரிவு உண்டு. அதனால் அங்கே பொய் தலைகீழாக வரும், அனுபவத்தைக் குறைத்துச் சொல்லிச் சுலபமான பிரிவில் நுழைவார்கள். விண்ணப்பத்தில் கூட்டிச் சொல்வதைவிட இதுதான் எனக்கு அதிகக் கோபம், ஏனென்றால் ரிப்பனை இழப்பது நிஜமாகவே புதிதாக வந்த இன்னொரு பெண்.

அப்புறம் ஒன்று கேட்கிறேன். சொந்தக் குதிரை இல்லாமல், லாயத்தில் சாணி அள்ளி, தீனி வைத்து, அதற்குப் பதிலாகத்தானே அவள் பாடம் கற்றாள்? அந்த மணிகளை ஏன் ஒளிக்கிறீர்கள்? அது வேலை, வேலை என்றே தனியாக எழுதட்டும். இல்லாத பன்னிரண்டு மணி நேரத்தைவிட அது கனமானது.

நீ செய்யவேண்டியது வேறு. வருடத்துக்கு எவ்வளவு கட்ட முடியும் என்று கல்லூரிப் பட்டியல் போடும் முன்பே அவளிடம் மறைக்காமல் சொல், பல வீடுகளில் இதைத்தான் சொல்வதில்லை. கல்வி உதவிப் படிவத்தை நேரத்துக்கு நிரப்பு. சவாரி வீடியோ எடுத்துக் கொடு, அவள் தடுமாறிய ஜம்ப்பை வெட்டி ஒட்டாதே. மெயிலில் எழுத்துப்பிழை இருந்தால் காட்டு, திருத்துவது அவள். கோச் கூப்பிட்டால் போனை அவளிடம் கொடுத்துவிட்டு வேறு அறைக்குப் போய்விடு.

சந்தேகம் இருந்தால் அவளையே என் பெண்ணுக்கு போன் பண்ணச் சொல்.

அன்புடன்,
உன் தோழி