பிள்ளைகள் காசு சேர்க்கட்டும், பத்து ரூபாய்க் காசிலிருந்தே

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். "காண்டாமிருகம் போட்ட நாலணா உங்களிடம் இருக்கிறதா? நீங்கள் லட்சாதிபதி!" என்கிற மாதிரி வீடியோக்கள் செல்போனில் வந்துகொண்டே இருக்கின்றன. எங்கள் தெருவில் பாலிடெக்னிக் படிக்கும் பையன் ஒருவன் அதை நம்பினான். முதலில் பதிவுக் கட்டணம், அப்புறம் வரி என்று இரண்டு தவணையாகப் பணம் அனுப்பினான். பிறகு அந்த நம்பரே எடுக்கவில்லை. அவன் அப்பாவுக்கு வந்த கோபத்தில், வீட்டில் அவர் அம்மா காலத்திலிருந்து இருந்த பழைய காசு டப்பாவை அப்படியே கொண்டுபோய்க் கோயில் உண்டியலில் கொட்டிவிட்டார். பணம் போனதைவிட அந்த டப்பா போனதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

அந்தக் காண்டாமிருகக் காசு 1988 முதல் 2002 வரை கோடிக்கணக்கில் அடித்து விட்ட எவர்சில்வர் காசு. சில ரூபாய் கொடுத்தால் யாரிடமும் கிடைக்கும். கால் ரூபாயும் அதற்குக் கீழுள்ள காசுகளும் 2011 ஜூன் 30 முதல் செல்லாது என்றானதும், இனி கிடைக்கவே கிடைக்காது என்று ஒரு பேச்சு கிளம்பி, இந்த வியாபாரம் சூடு பிடித்தது. வைஷ்ணோ தேவி படம் போட்ட காசு பற்றியும் இதே கதைதான். பழைய காசு, நோட்டு வாங்கி விற்பதில் தனக்குச் சம்பந்தம் இல்லை, அதற்காகக் கட்டணமோ கமிஷனோ தான் கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. அந்தச் செய்தி போய்ச் சேர்ந்த வீடுகளைவிட வீடியோ போய்ச் சேர்ந்த வீடுகள் அதிகம்.

இதைப் பார்த்துவிட்டுப் பெற்றோர்கள் காசு சேர்ப்பது என்றாலே ஏமாற்று வேலை என்று முடிவு கட்டுகிறார்கள். அது தப்பு. நான் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். புதுக்கோட்டையிலிருந்து அறந்தாங்கி, ஆலங்குடி என்று ஓடிய வண்டிகள். தோல்பையில் வந்து விழுந்த காசுகளில் வித்தியாசமாகத் தெரிந்ததை எடுத்து வைத்துவிட்டு, அந்தத் தொகையைச் சொந்தப் பணத்திலிருந்து பையில் போட்டுவிடுவேன். என் சேகரிப்பு அவ்வளவுதான். விலை கொடுத்து வாங்கியது சொற்பம்.

அந்தப் பையில் நான் படித்ததை ஒன்று சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ரூபாய்க் காசு இரண்டு எடையில் புழங்கியது. 1975-இல் வந்தது எட்டு கிராம், 1983-இல் வந்தது ஆறு கிராம். 1992-இல் எவர்சில்வருக்கு மாறினார்கள், 4.85 கிராம். 2011-இல் 3.79. 2019-இல் வந்தது 3.09 கிராம்தான். பின்னோக்கிப் போனால் 1962-இல் சுத்த நிக்கலில் பத்து கிராம். வெள்ளைக்காரன் காலத்து வெள்ளி ரூபாய் 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. யுத்த காலத்தில், 1940-இல், அதிலிருந்த வெள்ளியைப் பாதியாகக் குறைத்தார்கள். 1947-இல் வெள்ளியே இல்லை. நிக்கல் காசு, பின்பக்கம் ஒரு புலி. இவற்றை வரிசையாக வைத்து எடை போட்டுப் பார்க்கும் பிள்ளைக்கு விலைவாசி ஏற்றம் என்றால் என்ன என்று தனியாகப் பாடம் நடத்த வேண்டியதில்லை. உலோகத்தின் விலை முகமதிப்பைத் தாண்டினால் காசை உருக்க ஆள் வந்துவிடுவான். நம் காசுகளைப் பங்களாதேஷுக்குக் கடத்தி ஷேவிங் பிளேடு செய்கிறார்கள் என்று 2007 வாக்கில் செய்தி வந்தது உங்களுக்கு நினைவிருக்கும்.

எங்கே தொடங்குவது என்று பிள்ளைகள் கேட்டால் நான் சொல்வது பத்து ரூபாய்க் காசு. சிரிக்க வேண்டாம். நம் ஊரில் பத்து ரூபாய்க் காசை நீட்டினால் டீக்கடையில் முகத்தைச் சுளிக்கிறார்கள். காசில் கதிர் மாதிரி பத்துக் கோடு இருந்தால் நல்லது, பதினைந்து கோடு இருந்தால் போலி, ரூபாய்க் குறி இல்லாவிட்டால் செல்லாது என்று ஆளுக்கொரு சட்டம். பஸ்ஸில் இதற்காக நடந்த சண்டைகளை எழுதினால் உங்கள் பேப்பர் முழுக்க வேண்டும். உண்மையில் கோடு வேறுபடுவதற்குக் காரணம் காசின் வடிவமைப்பு மாறியதுதான். ரூபாய்க் குறி ஏற்கப்பட்டதே 2010 ஜூலையில்; அதை வரைந்த உதயகுமார் தமிழ்நாட்டுக்காரர். அது காசில் ஏறியது 2011-இல். அதற்கு முன் அடித்த காசில் அந்தக் குறி எப்படி இருக்கும்? 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி, பத்து ரூபாய்க் காசு 14 வடிவங்களில் வந்திருக்கிறது, அத்தனையும் செல்லும் என்று அறிவித்தது. ஹோமி பாபா நூற்றாண்டு, நாடாளுமன்றத்தின் 60 ஆண்டு, கயிறு வாரியத்தின் வைரவிழா, அம்பேத்கர் 125, யோகா தினம் எல்லாம் அதில் உண்டு. ஆக, 140 ரூபாயில் ஒரு முழுச் சேகரிப்பு! அலுத்துப்போனால் கடையில் கொடுத்து இட்லி சாப்பிடலாம், கடைக்காரர் வாங்கினால். அதற்குப் பிறகும் புதியவை வந்திருக்கின்றன. பன்னிரண்டு பக்கம் கொண்ட இருபது ரூபாய்க் காசு வேறு இருக்கிறது.

அடுத்த வேலை, ஆண்டுக்குக் கீழே பார்ப்பது. சின்ன டைமண்ட் இருந்தால் மும்பையில் அடித்தது. நட்சத்திரம் என்றால் ஹைதராபாத். புள்ளி என்றால் நொய்டா. ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா. காசு பற்றாக்குறை வந்தபோது வெளிநாட்டிலும் அடித்து வாங்கினோம்; 1985 ஒரு ரூபாயில் ஆண்டுக்குக் கீழே ஆங்கில எச் எழுத்து இருந்தால் அது பர்மிங்காமில் அடித்தது. என் பேத்தி எட்டாம் வகுப்பு படிக்கிறாள். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை வைத்துக்கொண்டு வீட்டுச் சில்லறையை எல்லாம் சோதித்தாள். 1983 ரூபாய் ஒட்டவில்லை, 1992-க்குப் பிறகு வந்தது ஒட்டுகிறது. பதினொரு பக்கம் உள்ள பழைய இரண்டு ரூபாய் ஒட்டவில்லை, புதியது ஒட்டுகிறது. "ஏன் தாத்தா?" என்றாள். செம்பும் நிக்கலும் கலந்தது ஒட்டாது, இந்த வகை எவர்சில்வர் ஒட்டும் என்றேன். அப்படியானால் சமையலறை டம்ளர் ஏன் ஒட்டவில்லை என்று அடுத்த கேள்வி போட்டாள். அதற்குப் பதில் சொல்ல அவள் அறிவியல் டீச்சரிடம் அனுப்பினேன்.

இதிலிருந்து மெல்ல மேலே போகலாம். 1957 ஏப்ரல் 1-க்கு முன் ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்கு நாலு காலணா. அந்தக் காலணாவில் 1943-இல் நடுவில் ஓட்டை போட்டார்கள், யுத்தத்தில் செம்பு தட்டுப்பாடு. ஓட்டைக் காலணாவைத் தெரியாத பாட்டி நம் பக்கத்தில் கிடையாது. பிள்ளை அதைக் கையில் வைத்துக்கொண்டு பாட்டி பக்கத்தில் உட்கார்ந்தால் போதும், ஒரு சாயங்காலம் கதை வரும். தஞ்சாவூரில் 1995-இல் நடந்த எட்டாவது உலகத் தமிழ் மாநாட்டுக்கு வந்த திருவள்ளுவர் காசு, 2010-இல் பெரிய கோயிலின் ஆயிரம் ஆண்டுக்கு வந்த ஐந்து ரூபாய், காமராஜர், அண்ணா நூற்றாண்டுக் காசுகள் எல்லாம் இன்றும் பெரிய விலை இல்லாமல் கிடைப்பவைதான்.

எங்கள் ஊர்ப் பெருமையையும் சொல்லிவிடுகிறேன். புதுக்கோட்டை சமஸ்தானத்துக்குச் சொந்தக் காசு இருந்தது. அம்மன் காசு என்போம். சுண்டுவிரல் நகத்தளவு செம்பு. ஒரு பக்கம் அமர்ந்த கோலத்தில் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய' என்ற எழுத்து. நவராத்திரியில் ஏழைகளுக்கு அரிசியோடு இந்தக் காசையும் கொடுப்பார்கள். சமஸ்தானம் 1948-இல் இந்தியாவோடு சேர்ந்துவிட்டது. திருக்கோகர்ணத்தில் உள்ள அரசு அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகும் ஆசிரியர்கள் பாடம் செய்த விலங்குகளையும் பறவைகளையும் காட்டிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். காசு வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் பத்து நிமிஷம் நின்றால் என்ன? இதே மாவட்டத்தில் கருக்காக்குறிச்சியில் 1898-இல் ஒரு பானைக்குள் 501 ரோமானியத் தங்கக் காசுகள் கிடைத்தன. அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரை பல மன்னர்களின் தலை. பெரும்பாலானவற்றில் அந்தத் தலைக்குக் குறுக்கே உளியால் ஒரு வெட்டு. யார் வெட்டினார்கள், எதற்கு என்று இன்னும் வாதாடுகிறார்கள். ஆலங்குடிப் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் எத்தனை பேருக்கு இது தெரியும்? கரூர் அமராவதி ஆற்று மணலில் கிடைத்த காசுகளையும், 'பெருவழுதி' என்று தமிழ் பிராமியில் பெயர் பொறித்த பாண்டியன் காசையும் உலகுக்குச் சொன்னவர் ஒரு தமிழ்ப் பத்திரிகை ஆசிரியர்தான், மறைந்த இரா. கிருஷ்ணமூர்த்தி. பத்திரிகைக்காரர்களுக்கு இதில் பொறுப்பு உண்டு என்று நான் உரிமையோடு கேட்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, இதில் பணம் வருமா? வராது என்றே பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டும். அரிதான காசுக்கு விலை உண்டுதான். அதைக் கண்டுபிடிக்கும் கண் வர வருஷங்கள் ஆகும். தெருவோரத்தில் துணி விரித்து விற்பவர்களிடம் '1818 ஈஸ்ட் இண்டியா கம்பெனி' என்று போட்டு, ராமர் பட்டாபிஷேகமோ அனுமனோ உள்ள காசு ஒன்று கட்டாயம் இருக்கும். கம்பெனி அப்படி ஒரு காசு அடிக்கவே இல்லை. இதை வைத்துத்தான் அரிசியை இழுக்கும் காசு, 'ரைஸ் புல்லிங்' என்று லட்சக்கணக்கில் சுருட்டுகிறார்கள். படித்தவர்களும் விழுகிறார்கள். காசைப் பற்றி நாலு விஷயம் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் அந்த வீட்டுப் பெரியவர்கள் தப்பிப்பார்கள்.

பழைய காசைப் புளி, சாம்பல், பாத்திரம் தேய்க்கும் பவுடர் போட்டுப் பளபளப்பாக்காதீர்கள். நூறு வருஷத்துக் கருப்பு போனால் அந்தக் காசைச் சேகரிப்பவர் யாரும் சீண்டமாட்டார். தண்ணீரில் அலசித் துணியில் ஒற்றினால் போதும். விளிம்பைப் பிடித்துத் தூக்க வேண்டும். மலிவான பி.வி.சி. பிளாஸ்டிக் உறையில் வைத்தால் செம்பு பச்சை பிடிக்கும். காகித உறை நல்லது. அப்புறம், தோட்டத்திலோ வீடு கட்டத் தோண்டும்போதோ புதையலாகக் காசு கிடைத்தால் அது சேகரிப்பில் சேராது. 1878-ஆம் ஆண்டுச் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும்.

உங்கள் மாணவர் பக்கத்தில் சுடோக்குவும் விடுகதையும் வருகின்றன, நல்லது. அதில் வாரம் ஒரு காசுக்கு இடம் கொடுங்கள். முதல் வாரம் ரோமானியத் தங்கம் வேண்டாம். பத்து ரூபாயின் 14 வடிவங்களையும் ஒரே பக்கத்தில், நிஜ அளவில், இரண்டு பக்கமும் தெரிகிற மாதிரி போடுங்கள். கருப்பு வெள்ளையில் போட்டால் நடு வட்டமும் மஞ்சள் வளையமும் தெரியாது, வண்ணப் பக்கமாக இருக்கட்டும். எங்கள் பஸ் ஸ்டாண்டு கடைகளில் அதை வெட்டி ஒட்டுகிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அரசு பஸ் நடத்துநர்,
புதுக்கோட்டை