குமரி மாவட்ட அண்டி ஆபீஸ் முதலாளிமாருக்கும் கணக்கர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

விளவங்கோடு, கல்குளம், கிள்ளியூர், திருவட்டார் வட்டங்களில் முந்திரி ஆலை நடத்துகிறவர்களுக்கும், அங்கே பி.எப். (வருங்கால வைப்பு நிதி) கணக்கு எழுதுகிறவர்களுக்கும் இதை எழுதுகிறோம். அண்டி (முந்திரிக் கொட்டை) தல்லியும், அதாவது உடைத்தும், தொலி உரித்தும் தரம் பிரித்தும் உழைத்த பெண்களுக்கு 58 வயதில் வரவேண்டிய பென்ஷன் இழுபடும்போது, பழி முழுவதும் நாகர்கோவில் பி.எப். அலுவலகத்தின் மேல் விழுகிறது. திரும்பி வந்த விண்ணப்பங்களைப் பிரித்துப் பார்க்கும் எங்களுக்குத் தெரிவது வேறு. கோளாறு பெரும்பாலும் ஆலையின் கணக்கு மேசையில், பல ஆண்டுகளுக்கு முன்பே உண்டாகியிருக்கிறது. தொழிலாளி வேலையில் இருக்கும்போதே அதைத் திருத்துவது உங்களுக்கு எளிது. அவர் வேலையை விட்ட பிறகு, அதிலும் ஆலை பூட்டப்பட்ட பிறகு, அது யாருக்குமே எளிதில்லை.

விண்ணப்பத்தை 20 நாளில் முடிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆனால் அந்த 20 நாள், எல்லா வகையிலும் முழுமையாக இருக்கும் விண்ணப்பத்துக்குத்தான். பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் அது முழுமையற்றதாகி, திருப்பி அனுப்பப்பட்டு, மறுபடி முதல் நாளிலிருந்து எண்ணப்படுகிறது.

முதலில் பணக் கணக்கு. 1995 நவம்பர் 16 முதல் நடப்பிலுள்ள ஓய்வூதியத் திட்டத்தில், தொழிலாளியின் சம்பளத்தில் 12 சதவீதத்தை முதலாளி செலுத்துகிறார்; அதிலிருந்து சம்பளத்தின் 8.33 சதவீதம் பென்ஷன் நிதிக்குப் போகிறது. சம்பள உச்சவரம்பு 15,000 ரூபாய் என்பதால் அது மாதம் 1,250 ரூபாயைத் தாண்டாது. கடைசி 60 மாதச் சம்பளச் சராசரியைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுத்தால் வருவதே மாதப் பென்ஷன். 2014 செப்டம்பருக்கு முந்தைய பணிக்கு உச்சவரம்பு 6,500 ரூபாய் என்பதால் அந்தப் பகுதியைத் தனியாகப் போடுவார்கள். சராசரி 10,500 ரூபாய் உள்ள ஒருவருக்கு, 2014-க்குப் பிந்தைய ஒவ்வோர் ஆண்டுக்கும் மாதம் 150 ரூபாய். ஓராண்டு கணக்கில் விடுபட்டால், சாகும்வரை மாதம் 150 ரூபாய் போகும். அவருக்குப் பிறகு துணைவருக்கு வரும் பென்ஷனும் குறையும். குறைந்தபட்ச பென்ஷன் இன்னும் 1,000 ரூபாயில் நிற்கிற திட்டத்தில் 150 ரூபாய் சிறிய தொகை ஆகாது.

ஆண்டுகள் எங்கே விடுபடுகின்றன? மாதாமாதம் 15-ஆம் தேதிக்குள் நீங்கள் இணையத்தில் ஏற்றும் இ.சி.ஆர். (பி.எப். மாதக் கணக்கு) கோப்பில் என்.சி.பி. என்று ஒரு கட்டம் இருக்கிறது. சம்பளம் இல்லாத நாள்களை அதில் எழுத வேண்டும். எடைக்கூலி முறையில் சில கணக்கர்கள் மாதக் கூலியைத் தினக்கூலியால் வகுத்து, வருகிற எண்ணை வேலைநாள் என்று வைத்துக்கொண்டு, மீதி நாள்களை என்.சி.பி.யில் தள்ளிவிடுகிறார்கள். 24 நாள் வந்து குறைந்த எடை உரித்தவர் 16 நாள் வந்தவராகிவிடுகிறார். மாதம் 8 நாள் இப்படிப் போனால் ஆண்டுக்கு 96 நாள். பத்தாண்டில் 960 நாள். இரண்டரை ஆண்டுக்கும் மேற்பட்ட பணி, மேலே சொன்ன கணக்கில் மாதம் ஏறக்குறைய 390 ரூபாய். 20 ஆண்டு முடித்தவருக்குத் திட்டம் கூடுதலாகத் தரும் 2 ஆண்டும் இதனாலேயே கைநழுவிப் போகலாம். ஆகவே வருகைப் பதிவேட்டைப் பார்த்து நாளை எழுதுங்கள். கூலியை வகுத்து எழுதாதீர்கள்.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. உண்மையில் வராத நாள்களை மறைத்து என்.சி.பி. பூஜ்யம் என்று போட்டால், பாதி மாதக் கூலி முழு மாதச் சம்பளமாகப் பதிந்து 60 மாதச் சராசரியை இறக்கிவிடும். தொழிலாளிக்கு நன்மை செய்கிறோம் என்று நினைத்து இதைச் செய்கிற கணக்கர்களும் இருக்கிறார்கள். கடைசி ஐந்தாண்டில் இது செய்கிற சேதம் பெரிது.

பச்சை அண்டி வராமல் ஆலை சில மாதம் கிடக்கிற ஆண்டுகள் நம் மாவட்டத்தில் புதிதல்ல. பருவகாலப் பணியாளர் ஓர் ஆண்டில் சில மாதமே வேலை செய்திருந்தாலும் அதை முழு ஆண்டாகக் கொள்ள வேண்டும் என்று திட்டத்தின் விளக்கம் சொல்கிறது. உங்கள் ஆலைத் தொழிலாளர்கள் அந்த வகையில் வருவார்களா என்று பி.எப். அலுவலகத்துக்கு எழுதி, பதிலை எழுத்தில் வாங்கிக் கோப்பில் வையுங்கள். நீங்கள் கேட்காதவரை அந்தக் கேள்வியை யாரும் எழுப்பப் போவதில்லை.

பென்ஷனுக்குக் குறைந்தது 10 ஆண்டு தகுதிப் பணி வேண்டும். ஆறு மாதமும் அதற்கு மேலும் உள்ள பின்னம் ஓர் ஆண்டாகக் கணக்கிடப்படுவதால் ஒன்பதரை ஆண்டே போதும். ஒன்பது ஆண்டு நான்கு மாதத்தில் நிற்கிற ஒருவரை, இன்னும் இரண்டு மாதம் வேலையில் வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று முடிவெடுக்கும் கை உங்களுடையது. தயவுசெய்து அந்தத் தேதியைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஆலை மாறும்போது நடக்கும் கேடு இதைவிடப் பெரியது. ஓர் ஆலையை விட்டுப் போகிற பெண்ணுக்கு, “பி.எப். பணம் எடுக்கலாம்” என்று 19-ஆம் படிவத்தோடு 10-சி படிவத்தையும் நிரப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். 10-சி மூலம் பென்ஷன் பங்கையும் எடுத்துவிட்டால் அதுவரையிலான பணி ஆண்டுகள் அத்தோடு தீர்ந்தன. அடுத்த ஆலையில் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். ஏழு ஆண்டு இங்கே, ஆறு ஆண்டு அங்கே உழைத்தவர் கடைசியில் பென்ஷனே இல்லாமல் போவது இப்படித்தான். அதே 10-சி படிவத்தில் பணத்துக்குப் பதில் திட்டச் சான்றிதழ் கேட்கலாம். ஆண்டுகள் பத்திரமாக இருக்கும். பழைய கணக்கைப் புதிய கணக்குக்கு மாற்றிவிடுவது அதைவிட நல்லது. புதிதாகச் சேருகிறவரிடம் முன்பு எங்கே வேலை செய்தார் என்று கேட்காமல் புது யு.ஏ.என். (பி.எப். உறுப்பினருக்கான நிரந்தர எண்) போடாதீர்கள். பழைய ஆலை வெளியேறிய தேதியைப் பதியாமல் விட்டிருந்தாலோ, உங்களிடம் அவர் சேர்ந்த தேதியை உண்மைக்கு முந்தையதாக நீங்கள் போட்டிருந்தாலோ, இரண்டு பணிக்காலமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து விண்ணப்பம் தள்ளுபடியாகும். கடைசிப் பங்களிப்புக்கு இரண்டு மாதம் கழித்துத் தொழிலாளியே வெளியேறிய தேதியை இணையத்தில் பதியலாம். ஆனால் கருங்கலிலோ கொல்லங்கோட்டிலோ இருக்கும் 58 வயதுப் பெண் அதைத் தானே செய்துகொள்வார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

பெயரும் பிறந்த தேதியும். ஞானஸ்நானப் பெயர் ஓரிடத்தில், வீட்டுப் பெயர் ஓரிடத்தில், அப்பாவின் இனிஷியல் ஒன்றில், கணவரின் பெயர் இன்னொன்றில் என்று நம் மாவட்டத்தில் ஒரே பெண்ணுக்கு மூன்று பெயர் இருப்பது சாதாரணம். ஆதார், பான், வங்கிப் புத்தகம், பி.எப். பதிவு நான்கையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். 2017 அக்டோபர் 1-க்குப் பிறகு ஆதார் சரிபார்ப்புடன் எடுத்த யு.ஏ.என். என்றால் பெரும்பாலான திருத்தங்களை உறுப்பினரே இணையத்தில் செய்யலாம். அதற்கு முந்தையது என்றால் கூட்டு உறுதிமொழியில் உங்கள் ஒப்புதல் வேண்டும். நம் ஆலைகளில் 58-ஐ நெருங்குகிறவர்களில் அநேகர் இந்த இரண்டாம் வகை. உங்கள் டிஜிட்டல் கையொப்பம் காலாவதியாகியிருந்தால் அத்தனை பேரின் திருத்தமும் அங்கேயே நிற்கும்.

பிறந்த தேதி தவறினால் இன்னொரு சிக்கல். 58 முடிந்த மாதத்தோடு 8.33 சதவீதம் பென்ஷன் நிதிக்குப் போவது நிற்க வேண்டும். அதன்பிறகு முழுத் தொகையும் பி.எப். கணக்குக்குத்தான். பதிவில் வயது குறைவாக இருந்தால் பென்ஷன் பங்கு தொடர்ந்து போய், அதைத் திருப்பிச் சரிசெய்த பிறகே விண்ணப்பம் நகரும். 58-க்குப் பிறகும் அவர் உங்களிடமே வேலை செய்யலாம், பென்ஷனும் வாங்கலாம்; இந்தப் பென்ஷனுக்கு வருமான வரம்பு கிடையாது. “வேலையில் இருந்தால் பென்ஷன் கிடைக்காது” என்று சொல்லி யாரையும் பென்ஷன் கோரும் 10-டி படிவம் கொடுக்கவிடாமல் தடுக்க வேண்டாம். வேலையை விட்டு 50 வயதுக்கு மேல் முன்கூட்டியே வாங்குகிறவருக்கு மட்டும், 58-க்குக் குறையும் ஆண்டு ஒன்றுக்கு 4 சதவீதம் வெட்டு உண்டு. அது பிற்பாடு நிவர்த்தியாகாது என்பதை முன்பே சொல்லிவிடுங்கள்.

வரி பற்றிச் சுருக்கமாக. ஆயிரம், மூவாயிரம் பென்ஷனுக்கு வரி வராது. பி.எப். தொகையில்தான் பிடித்தம் நேர்கிறது: பணி ஐந்தாண்டுக்குக் குறைவாகவும் தொகை 50,000 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால் 10 சதவீதம் பிடிப்பார்கள், பான் இணைக்காவிட்டால் அதைவிடக் கூடும். பழைய ஆலைக் கணக்கை மாற்றாதவர், 20 ஆண்டு உழைத்திருந்தும், கடைசி ஆலையின் மூன்று ஆண்டை மட்டும் காட்டி இந்தப் பிடித்தத்தில் மாட்டிக்கொள்கிறார். உடல்நலக் குறைவாலோ ஆலை மூடியதாலோ வேலை போயிருந்தால் அந்த ஐந்தாண்டு நிபந்தனை பொருந்தாது. எனவே வெளியேறிய காரணத்தை உள்ளபடியே பதியுங்கள்.

விரல் ரேகை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முந்திரித் தோட்டின் எண்ணெய் தோலை அரித்துவிடும். 30 ஆண்டு தல்லிய கையில் ரேகையைக் கருவி படிக்க மறுக்கிறது. ஆதார் சரிபார்ப்பும், பென்ஷன் வாங்குகிறவர் உயிரோடிருப்பதாக ஆண்டுதோறும் தரும் வாழ்வுச் சான்றும் தோற்றுப்போகின்றன. இதற்கு முக அடையாள முறை இருக்கிறது. ஜீவன் பிரமாண் செயலியில் முகத்தைக் காட்டியே சான்று தரலாம். ஆண்டின் எந்த மாதத்திலும் கொடுக்கலாம். கொடுத்த நாளிலிருந்து ஓராண்டு செல்லும். ஆலையில் நல்ல கேமராவுள்ள ஒரு கைபேசியும், அதை இயக்கத் தெரிந்த ஒருவரும் இருந்தால் போதும். ஓய்வுபெற்றவர்களும் வந்து அதைப் பயன்படுத்த அனுமதியுங்கள். 2025 ஜனவரி முதல் எந்த வங்கியின் எந்தக் கிளையிலும் பென்ஷன் வாங்கலாம் என்பதையும் அப்போதே சொல்லுங்கள்.

பணிக்கொடை (கிராஜுவிட்டி) முழுக்க உங்கள் பொறுப்பு. கடைசிச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, ஆண்டுகளால் பெருக்க வேண்டும். எடைக்கூலிக்காரருக்குக் கடைசி மூன்று மாதச் சராசரியே அடிப்படை. வேலை மந்தமான மூன்று மாதத்தைப் பார்த்து ஒருவரை அனுப்பினால் தொகை எவ்வளவு சுருங்கும் என்பது உங்களுக்கும் தெரியும், அப்படிச் செய்யாதீர்கள். விதிப்படி அறிவித்த லே-ஆஃப் (தற்காலிக வேலைநிறுத்திவைப்பு) நாள்களும் மகப்பேறு விடுப்பும், ஓராண்டுப் பணியாக எண்ணத் தேவையான 240 நாள் கணக்கில் சேரும். 30 நாளுக்குள் கொடுக்காவிட்டால் வட்டியோடு கொடுக்க வேண்டும்.

இப்போது எங்கள் கோரிக்கை. அடுத்த இ.சி.ஆர். ஏற்றும் முன்பு, 56 வயது கடந்த எல்லோரின் பெயரையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொருவருக்கும் பணிக்கால விவரத்தை இணையத்திலிருந்து எடுத்து, விடுபட்ட மாதங்களைக் குறியுங்கள். 2012-ல் மின்னணு முறை வருவதற்கு முந்தைய ஆண்டுகளுக்கு, பரணில் கிடக்கும் 3-ஏ, 6-ஏ ஆண்டுக் கணக்குப் படிவங்களைத் தேடி எடுங்கள். கரையான் தின்றது போக மிஞ்சியதையாவது ஸ்கேன் செய்து வையுங்கள். அந்த ஆண்டுகளுக்கு வேறு சாட்சி கிடையாது. கணவர், 25 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பெயரோடு நியமனத்தைப் பதிவு செய்யுங்கள். பணியில் இருக்கும்போது இறந்தால், ஒரு மாதப் பங்களிப்பு இருந்தாலே குடும்பத்துக்குப் பென்ஷன் உண்டு. தீராத சிக்கல்களை, மாதந்தோறும் 27-ஆம் தேதி பி.எப். அலுவலகம் நடத்தும் குறைகேட்பு முகாமுக்கு நீங்களே கோப்போடு கொண்டு போங்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு நாகர்கோவில் வடசேரிக்குப் பஸ் ஏறும் பெண்ணைவிட, கையில் பதிவேடு வைத்திருக்கும் கணக்கர் பேசினால் வேலை விரைவில் முடியும். 10-டி படிவத்தை அவர் 58 முடிப்பதற்கு மூன்று மாதம் முன்பே நிரப்பி, வங்கிப் புத்தக நகலும் தம்பதியர் புகைப்படமும் சேர்த்து, கையெழுத்துப் போட்டுத் தயாராக வையுங்கள்.

இப்படிக்கு,
பி.எப்., பென்ஷன் படிவ வேலைகளில் முந்திரித் தொழிலாளர்களுக்கு உதவிவருகிறவர்கள்,
மார்த்தாண்டம்.