உன்ற இடது கை கிளட்ச்ல இருக்கு அம்மிணி

அம்மிணி,

நேத்து போன்ல வண்டி எப்பப்பா தருவீங்கன்னு கேட்ட, பக்கத்துல ஆளு இருந்ததால ஒழுங்கா பதில் சொல்ல முடியல, அதான் உக்காந்து டைப் பண்றேன். ஆர்எக்ஸ் 100 பைக்கு உனக்குத்தான், அதுல மாத்தமே இல்ல. ஆனா வீலும் பிரேக்கும் மாத்தாம உன்ற கையில குடுக்க மனசு வரல, ஒரு வாரமா மெக்கானிக் கடையில கூடவே நின்னு அந்த வேலையத்தான் பாத்தேன்.

டயர்ல பட்டன் நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா சைடுல நாலு நம்பர் இருக்கும் பாரு, அதுல 2311ன்னு போட்டிருந்துச்சு, அப்படின்னா 2011ல 23வது வாரம் செஞ்ச டயரு, ரப்பர் காஞ்சு பாளம் விட்டிருச்சு. அதக் கழட்டுனா ரிம்முக்கு உள்ள, ஸ்போக்க இறுக்கற நிப்பிள் உக்கார்ற எடமெல்லாம் துரு. வெளிய பளபளன்னு இருந்தத நம்பி இத்தன வருசம் ஓட்டியிருக்கேன். ரெண்டு ரிம்மு, 72 ஸ்போக்கு, பேரிங், டயர், டியூப் எல்லாம் புதுசு போட்டாச்சு. நீ அலாய் வீலும் டிஸ்க் பிரேக்கும் கேட்ட. டிஸ்க் போடோணும்னா ஹப்பு ஃபோர்க்கு எல்லாம் வேற வண்டியில இருந்து கொண்டாந்து சேக்கோணும், அப்படி ஒட்டுப்போட்ட வண்டியில உன்னைய அனுப்ப எனக்குப் புடிக்கல, இருக்கற டிரம் பிரேக்க ஒழுங்கா செட் பண்ணுனா அந்த வண்டிக்கு அதே போதும். கோட்டம் எடுத்தவரு ஒவ்வொரு ஸ்போக்கையும் சாவியால தட்டித் தட்டிக் காது குடுத்துக் கேட்டாரு, எல்லாம் ஒரே மாதிரி கிணுகிணுக்கோணும், மந்தமா சத்தம் வந்தா அது லூசு.

பழைய பிரேக் ஷூ தேயவே இல்ல, கண்ணாடியாட்டம் இறுகிப் போயிருந்துச்சு, அதான் புடிக்கல. டிரம்முக்குள்ள இருக்கற கருப்புத் தூசிய என்னிக்கும் வாயால ஊதிராத, பழைய லைனிங்ல கல்நார், அதான் ஆஸ்பெஸ்டாஸ், இருக்கும், ஈரத்துணியில தொடச்சு எடு.

இன்னொண்ணு, பின் பிரேக் தட்டுல இருந்து, பின் வீலத் தாங்கற ஸ்விங் ஆர்முக்கு ஒரு கம்பி போகும், அதுல நட்டும் ஸ்பிளிட் பின்னும் இருக்கும். நீ சின்னப்புள்ளையா இருக்கறப்ப ஒரு எடத்துல பஞ்சர் ஒட்டிட்டு அந்தப் பின்ன மாட்டாம விட்டுட்டாங்க, நானும் பாக்கல. சித்தோடு தாண்டி நட்டு கழண்டு, பிரேக் மிதிச்சதும் தட்டு சுத்தி வீலு அப்படியே இறுகிருச்சு. நீ டேங்க் மேல, அம்மா பின்னாடி. அம்மா முட்டியில இருக்கற தழும்பு அதுதான். இன்னிக்கும் வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி குனிஞ்சு அந்தப் பின்னத் தொட்டுப் பாத்துட்டுத்தான் கிளம்புவேன், நீயும் பாக்கோணும்.

இப்ப முக்கியமானது. உன்ற ஸ்கூட்டர்ல இடது கையப் புடிச்சா ரெண்டு பிரேக்கும் சேந்து புடிக்கும், நாலு வருசமா உன்ற கை அதுக்குப் பழகிருச்சு. இதுல இடது கை கிளட்ச்சு. பதட்டத்துல அதத்தான் புடிப்ப, புடிச்சா வண்டி நிக்காது, இன்னும் வழுக்கிக்கிட்டு ஓடும். போதாததுக்கு இது டூ ஸ்ட்ரோக், ஆக்சிலேட்டர விட்டா இன்ஜின் இழுத்துப் புடிக்கறதெல்லாம் ரொம்பக் கம்மி. ஓசூர்ல இருந்து வர்றப்ப தொப்பூர் இறக்கம் இருக்குதே, லாரியெல்லாம் பிரேக் சூடாகித் தவிக்கற எடம், அத நெனச்சுத்தான் எனக்குத் தூக்கம் வரல. வலது கையும் வலது காலும் சேந்து வேலை செய்யோணும், அது யோசிக்காம தானா வர்ற வரைக்கும் நீ ஹைவேல போகக்கூடாது.

புது ஷூ டிரம்மோட சேர எப்படியும் 200, 300 கிலோமீட்டர் ஆகும், அத நான் இங்க மேட்டூர் ரோட்டுல மெதுவா ஓட்டி முடிச்சு வைக்கறேன். செயின் டைட் பண்ணுனா பின் பிரேக்கையும் திருப்பி செட் பண்ணோணும், அது நீ வந்ததும் உன்ற கையாலயே செய்ய வைக்கறேன்.

ஆடி 18க்கு லீவு போட்டுட்டு வா. அன்னிக்கு பவானி கூடுதுறைப் பக்கம் கூட்டம் நெரியும், அதனால வண்டிய அடுத்த நாள் வெடியால எடுக்கலாம், நான் பின்னாடி உக்காந்துக்கறேன். செருப்போட வராத, கால் பிரேக்குல வழுக்கும், கயிறு கட்டுற ஷூ போட்டுட்டு வா.

அப்பா