மறுபடி படித்த புத்தகங்களையும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'இந்த ஆண்டு எத்தனை புத்தகங்கள் படித்தீர்கள், அவற்றில் பிடித்தவை எவை?' என்று வாசகர்களிடம் கேட்டு நீங்கள் வெளியிட்டிருந்த பக்கங்களை ஒன்று விடாமல் படித்தேன். நாற்பது, ஐம்பது, அதற்கு மேலும் என்று எழுதியிருந்தார்கள். இவ்வளவு பேர் இவ்வளவு படிக்கிறார்கள் என்பது மனதுக்கு நிறைவாக இருந்தது. ஆனால் ஒருவர்கூட 'இந்தப் புத்தகத்தை மறுபடி எடுத்துப் படித்தேன்' என்று எழுதவில்லை. எழுத இடமும் இல்லை, கேள்வி அப்படி அமைந்துவிட்டது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நான் புதிய புத்தகங்களும் வாங்குகிறேன், படிக்கிறேன். ஆனாலும் என் வாசிப்பில் பெரும்பகுதி ஏற்கெனவே படித்தவற்றைத் திரும்பப் படிப்பதுதான். ஒரு புத்தகத்தை முடித்ததும் கடைசித் தாளில் மாதத்தையும் வருடத்தையும் பென்சிலால் குறித்து வைப்பேன். படிக்கும்போது நின்று யோசிக்க வைத்த வரிக்குப் பக்கத்தில், வெளி ஓரத்தில், சின்னதாக ஒரு கோடு. அடுத்த முறை படிக்கும்போது பழைய கோடுகளை அழிப்பதில்லை. புதியவற்றை உள் ஓரத்தில், தையலை ஒட்டிப் போடுவேன். இரண்டு கோடும் ஒரே வரிக்கு நேராக வருவது அபூர்வம். முன்பு கோடு போட்டதெல்லாம் பெரும்பாலும் பொன்மொழி மாதிரியான வாக்கியங்கள். இப்போது கோடு விழுவது யாரோ ஒருவர் பதில் சொல்லாமல் எழுந்து போகிற இடத்தில். புத்தகத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. படிக்கிற ஆள்தான் வேறு.

'பொன்னியின் செல்வ'னையே எடுத்துக்கொள்ளுங்கள். 1950 முதல் 1954 வரை வாரா வாரம் 'கல்கி' இதழில் வந்த கதை. பள்ளி வயதில் படித்தபோது வந்தியத்தேவனின் குதிரைக்குப் பின்னாலேயே ஓடினேன். வர்ணனை வந்தால் தாண்டினேன், பாட்டு வந்தால் தாண்டினேன். சுந்தர சோழர் வருகிற அத்தியாயங்கள் எனக்கு வழியை மறிக்கிற சுவர்கள். கால் வழங்காமல் படுக்கையில் கிடக்கும் சக்கரவர்த்தி பழசையெல்லாம் நினைத்து வருந்திக்கொண்டிருப்பார். இவர் எப்போது பேசி முடிப்பார், கதை எப்போது நகரும் என்று பக்கத்தைப் புரட்டுவேன்.

நடுவயதில், வீட்டில் படுத்த படுக்கையாக இருந்த ஒருவரை நீண்டநாள் பார்த்துக்கொண்ட பிறகு, அதே நாவலை மறுபடி எடுத்தேன். இந்த முறை என்னைப் பிடித்து நிறுத்தியது சுந்தர சோழர்தான். இளமையில் ஒரு தீவில் பார்த்த, வாய் பேச முடியாத பெண். அவள் சாவுக்குத் தானே காரணம் என்ற எண்ணம். ராஜ்யம் முழுவதும் கையில் இருந்தும் இரவில் நிம்மதியாகத் தூங்க முடியாத மனிதர். அதை அவர் தன் மகள் குந்தவையிடம் சொல்லுகிற பகுதியை ஒரே மூச்சில் படிக்க முடியாமல் புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்தேன். நோயாளி ஒருவர் இரவில் விழித்துக்கொண்டு, சம்பந்தமில்லாத மாதிரி பழைய பேச்சை எடுப்பது எப்படி இருக்கும் என்று எனக்கு அப்போது தெரிந்திருந்தது. முதல் தடவையோடு விட்டிருந்தால் அந்த நாவல் எனக்கு வெறும் குதிரைக் குளம்படிச் சத்தமாகவே நின்றிருக்கும்.

எண்ணிக்கை என்றதும் எனக்கு உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' ஞாபகம் வருகிறது. மிக அதிகமாக நான் திரும்பிப் போகிற புத்தகம் அதுதான். 1880இல் சேலம் இராமசாமி முதலியாரை அவர் சந்திக்கிற இடம் பலருக்கும் தெரிந்திருக்கும். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, ஐயர் அந்தாதி, கலம்பகம், கோவை, பிள்ளைத்தமிழ், புராணம் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். நீளமான பட்டியல், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் உழைத்துப் படித்த படிப்பு. முதலியார் அசையவில்லை. இன்னும் பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவக சிந்தாமணி தெரியுமா என்கிறார். முதலியாரின் கேள்வி பழைய இலக்கியத்தைப் பற்றியது, எண்ணிக்கையைப் பற்றியது இல்லை, சரி. ஆனால் அதற்கப்புறம் நடந்ததைப் பாருங்கள். அத்தனை நூல்கள் கற்றவர் ஒரே ஒரு நூலின் முன் உட்கார்ந்துவிடுகிறார். படித்ததையே திரும்பப் படிக்கிறார், ஏடுகளைத் தேடி ஒப்பிடுகிறார், புரியாத சமயக் கருத்துகளைச் சமணர்களின் வீடு தேடிப் போய்க் கேட்டுத் தெரிந்துகொள்கிறார். 1887இல் சிந்தாமணிப் பதிப்பு வெளிவருகிறது. நம்முடைய ஆண்டுக் கணக்குப்படி பார்த்தால் அந்த ஏழு வருடத்துக்கும் சேர்த்து அவர் 'ஒன்று' என்றுதான் எழுத வேண்டியிருக்கும்.

நம் முன்னோர்கள் படிப்பை இப்படித்தான் நினைத்தார்கள். ஒரு நூலை இரண்டு தடவை கேட்டால் பெரும்பாலும் பிழை வராது என்று சொல்லிவிட்டு, 'முக்கால் கேட்பின் முறையறிந் துரைக்கும்' என்கிறது நன்னூல். மூன்றாவது தடவை கேட்டவன்தான் அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்கத் தகுதி பெறுகிறான். வள்ளுவர் நட்பைப் பற்றிப் பேசும்போது 'நவில்தொறும் நூல்நயம் போலும் பயில்தொறும் பண்புடை யாளர் தொடர்பு' என்கிறார். பழகப் பழக இனிக்கிற நட்பை விளக்க, படிக்கப் படிக்க இனிக்கிற நூலை உவமையாக எடுத்துக்கொள்கிறார். தெரிந்ததைக் காட்டித்தானே தெரியாததை விளக்குவார்கள்? அப்படியானால், நூலைத் திரும்பத் திரும்பப் படிக்கிற இன்பம் அவருடைய காலத்துக் கற்றவர்களுக்கு விளக்கமே தேவைப்படாத ஒன்றாக இருந்திருக்க வேண்டும். இன்று அதற்கு விளக்கம் சொல்லிக் கடிதம் எழுத வேண்டியிருக்கிறது.

இதோடு இன்னொன்று. வேகமாகப் படிக்கக் கற்றுத்தருகிறேன் என்பவர்கள், கண் பின்னால் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். வாசிப்பை ஆராய்ந்தவர்கள் சொல்வது வேறு. கண் வரியின் மேல் ஒரே சீராக ஓடுவதில்லை, தாவித் தாவித்தான் போகிறது. அந்தத் தாவல்களில் சுமார் பத்துக்கு ஒன்று, படித்த இடத்துக்கே திரும்பிப் போகிறது. பெரும்பாலும் புரிந்துகொள்வதற்காகத்தான் அப்படித் திரும்புகிறது. ஒரு வரிக்குள்ளேயே இது தேவைப்படும்போது முழுப் புத்தகத்துக்குத் தேவைப்படாதா?

'படிக்காத புத்தகங்களே மலைபோலக் கிடக்கின்றன, படித்ததையே படித்துக்கொண்டிருந்தால் எப்படி?' என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். புதிதாகப் படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். அவர்கள் கண்ணில் பட்டதையெல்லாம் படிக்கட்டும், பிடிக்காததைப் பாதியில் வைக்கட்டும். பல வருடங்களாகப் படிக்கிறவர்கள் வருட இலக்கு ஒன்றைக் குறித்துக்கொண்டு, டிசம்பரில் எண்ணிக்கை குறைகிறதே என்று மெலிந்த புத்தகங்களாகத் தேடி எடுப்பதுதான் எனக்கு வருத்தம் தருகிறது. அப்படிப் படித்தவர்களிடம் மார்ச்சில் படித்த நாவலைப் பற்றிக் கேட்டால் அட்டைப்படம்தான் நினைவில் இருக்கிறது.

எல்லாப் புத்தகமும் இரண்டாவது வாசிப்பைத் தாங்காது என்பதும் உண்மை. மர்மக் கதைகள் பலவற்றில் குற்றவாளி தெரிந்த பிறகு ஒன்றும் மிஞ்சுவதில்லை. ஒருகாலத்தில் உருகி உருகிப் படித்த சில நாவல்களை மறுபடி திறந்தபோது பத்துப் பக்கம் தாண்ட முடியவில்லை. அதையும் தெரிந்துகொள்வது நல்லதுதானே? பிடித்த புத்தகம் எது என்று கேட்டால், அப்படி ஒருமுறை சோதித்துப் பார்த்த பிறகு மனசாரப் பதில் சொல்லலாம்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். அடுத்த ஆண்டு வாசகர்களிடம் கேட்கும்போது, 'எந்தப் புத்தகத்தை மறுபடி படித்தீர்கள், இந்த முறை அதில் புதிதாக என்ன கண்ணில் பட்டது?' என்று ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆண்டு முடிவு வரை காத்திருக்காமல் மாதத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கினால் இன்னும் நல்லது. கதைச் சுருக்கம் வேண்டாம், முன்பு படித்ததற்கும் இப்போது படித்ததற்கும் என்ன வித்தியாசம் என்று மட்டும் எழுதச் சொல்லுங்கள். எழுத்தாளர்களிடமும் கேளுங்கள். அவர்கள் யாருக்கும் தெரியாமல் எந்தப் புத்தகத்துக்குத் திரும்பத் திரும்பப் போகிறார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு மிகவும் ஆசை.

அன்புடன்,
தங்கள் நெடுநாள் வாசகர்