அந்தக் கால்கள் யாருடையவை?

மௌனப் படங்களைத் தேடிப்பிடித்துத் திரையிடும் திரைப்படச் சங்க நண்பர்களுக்கு,

வணக்கம். டாட் பிரவுனிங் 1927இல் இயக்கிய ‘தி அன்நோன்’ படத்தைப் போடும்போது, தொடங்குவதற்கு முன் யாராவது எழுந்து அதன் நாயகன் லான் சேனியின் புகழ் பாடுவது வழக்கம். கைகளைக் கட்டிக்கொண்டு காலாலேயே எல்லாம் செய்து காட்டிய மகா கலைஞன் என்பார்கள். சேனி மகா கலைஞன்தான், சந்தேகமில்லை. ஆனால் அந்தப் படத்தில் சிகரெட் பிடிக்கிற, கோப்பையைத் தூக்குகிற கால்கள் பல ஷாட்களில் அவருடையவை அல்ல. பிறவியிலேயே கைகளில்லாத பால் டெஸ்மியூக் என்பவருடையவை. முகம் ஒருவருடையது, கால்கள் இன்னொருவருடையவை. கேமரா வைத்த விதத்தில் இரண்டும் ஒரே உடம்பாகத் தெரிகிறது. படத்தின் எழுத்துகளில் அவர் பெயர் கிடையாது. நீங்களாவது சொல்லக் கூடாதா?

இதை வெறும் நியாயத்துக்காக மட்டும் கேட்கவில்லை. படத்தின் உயிரே அந்தக் கால்களில்தான் இருக்கிறது. சேனி ஏற்ற பாத்திரமான அலோன்சோ, மாட்ரிட் நகரத்து சர்க்கஸில் காலால் கத்தி வீசுகிறவன். கைகளில்லை என்று ஊரை நம்ப வைத்திருக்கிறான். உண்மையில் இறுக்கமான கச்சைக்குள் கட்டி மறைத்திருக்கிறான். அவனுக்கு ஒரு கையில் இரட்டைக் கட்டைவிரல், போலீஸ் தேடும் அடையாளம் அது. முதலாளியின் மகள் நானோனுக்கோ ஆண்களின் கை மேலே பட்டாலே நடுக்கம். கையில்லாதவன் என்பதால்தான் அலோன்சோவிடம் அவள் ஒட்டுகிறாள்.

இனி அந்தக் காட்சி. கச்சையை அவிழ்த்தாயிற்று, இரண்டு கைகளும் சும்மா கிடக்கின்றன. யோசனையில் மூழ்கியவன் காலாலேயே சிகரெட் பிடிக்கிறான். கைகள் இருப்பதே மறந்துவிட்டதா என்று கூட்டாளி கோஹோ சிரிக்கிறான். அந்தச் சிரிப்பிலிருந்துதான் விபரீத யோசனை பிறக்கிறது: கைகளை நிஜமாகவே வெட்டிக்கொண்டால்? ஒரு மருத்துவரை மிரட்டி அதைச் செய்தும் விடுகிறான். காலின் லாவகம் அத்தனை இயல்பாக இல்லாவிட்டால் இந்தத் திருப்பம் நகைச்சுவையாகப் போயிருக்கும்.

அவன் திரும்பி வருவதற்குள் நானோனின் பயம் போய்விட்டது. பலசாலி மலபாரின் கைகளை அவள் காதலிக்கிறாள். (ஆமாம், பாத்திரத்தின் பெயர் மலபார். நம்ம ஊர்ப்பக்கம் பார்த்தால் கொஞ்சம் சிரிப்பு வரும்.) விஷயம் புரிந்த நொடியில் அலோன்சோ சிரிக்கிறான். அந்தச் சிரிப்பு கோணி, ஓலமாகி, அடங்காமல் நீள்கிறது. சேனியின் பெற்றோர் இருவரும் காது கேளாதவர்கள். சின்ன வயதிலிருந்தே முகத்தாலும் கையாலும் பேசிப் பழகியவர் அவர். இங்கே கையும் இல்லை, மிஞ்சியது முகம் மட்டும். நானோனாக நடித்த, அப்போது இருபதுகளில் இருந்த ஜோன் கிராஃபோர்ட், சேனியைப் பார்த்துத்தான் நடிப்பைக் கற்றதாகப் பின்னாளில் சொன்னதில் வியப்பில்லை.

அதனால் இன்னொரு வேண்டுகோள்: அந்த இடத்தில் பின்னணி இசையைத் தயவுசெய்து அடக்கி வாசியுங்கள். ஒலிபெருக்கி அதிர வயலின் கதறினால் நாம் அந்த முகத்தைப் பார்க்க மாட்டோம், இசையைத்தான் கேட்போம். ‘பேய்ப்பட இரவு’ என்ற பட்டியலிலும் சேர்க்காதீர்கள். இதில் பேய் எதுவும் இல்லை, ஒருதலைக் காதல்தான்.

அப்புறம், எந்தப் பிரதி? இந்தப் படம் பல காலம் தொலைந்தே போயிருந்தது. பாரிஸின் சினிமாதெக் என்ற திரைப்படக் காப்பகத்தில் 1960களின் கடைசியில் அகப்பட்ட பிரதி சுமார் 50 நிமிடம்தான். அமெரிக்காவின் ஈஸ்ட்மேன் அருங்காட்சியகம் செக் நாட்டுப் பிரதியிலிருந்த காட்சிகளையும் சேர்த்து 2022இல் மீட்டெடுத்த வடிவம் ஏறக்குறைய பத்து நிமிடக் காட்சிகள் கூடுதல். இணையத்தில் கிடைக்கிறதே என்று பழைய மங்கலான கோப்பை ஓட்டிவிடாதீர்கள். புதிய பிரதி கைக்கு வரும் வரை தள்ளிவைத்தாலும் பரவாயில்லை.

வாசலில் ஒட்டும் தாளில் நடிகர் பட்டியலுக்குக் கீழே ஒரு வரி சேருங்கள்: ‘கால்கள்: பால் டெஸ்மியூக்’. இடம் இல்லையென்றால் என் செலவில் பெரிய தாள் வாங்கித் தருகிறேன்.

அன்புடன்,
பின் வரிசைப் பார்வையாளன்