கால்பந்தில் மூன்றாம் நடுவர் கிடையாது, ஐயா

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். போன ஞாயிறு உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் ஒரு வரி வந்திருந்தது: ‘நடுவரின் கண்ணை மட்டும் நம்பிக் கிடந்த காலம் மலையேறிவிட்டது, மூன்றாம் நடுவர் வந்தபின் கால்பந்தில் தவறுக்கே இடமில்லை.’ இரண்டு முறை படித்தேன். மூன்றாவது முறை சத்தமாகப் படித்ததில் வீட்டில் இருப்பவர்கள் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்கள்.

மூன்றாம் நடுவர் என்பவர் கிரிக்கெட்டில் இருக்கிறார். கால்பந்தில் பலகையைத் தூக்கிக் காட்டுபவர் நான்காம் நடுவர். அறைக்குள் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் வீடியோ உதவி நடுவர், அதாவது வி.ஏ.ஆர். இது தாங்கள் அறியாததல்ல. ஆனாலும் 2018 உலகக் கோப்பையிலிருந்து உங்கள் பக்கத்தில் இதே பிழை வந்துகொண்டே இருக்கிறது. அப்போதே ஒரு கடிதம் போட்டேன். இடப் பற்றாக்குறை போலிருக்கிறது, வரவில்லை. அந்த வாரம் ஒரு வீரரின் புதுத் தலைமுடி வெட்டுக்குக் கால் பக்கம் கிடைத்திருந்தது.

சரி, பெயர் கிடக்கட்டும். ‘தவறுக்கே இடமில்லை’ என்றீர்களே, அதுதான் உறுத்துகிறது.

2023 செப்டம்பர் 30 அன்று இங்கிலாந்து லீக்கில் நடந்த டோட்டன்ஹாம் - லிவர்பூல் ஆட்டம் தங்களுக்கு நினைவிருக்கும். லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் கோல் போட்டார். லைன்ஸ்மேன் ஆஃப்சைடு, அதாவது சக வீரர் பந்தை அனுப்பும்போதே எதிரணியின் கடைசி டிஃபெண்டரைத் தாண்டி நின்றார் என்று கொடி தூக்கினார். அறையில் இருந்தவர்கள் படத்தைப் பார்த்தார்கள், ஆஃப்சைடு இல்லை என்பதைச் சரியாகவே கண்டுபிடித்தார்கள். ஆனால் மைதானத்தில் ஏற்கெனவே கோல் கொடுத்தாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு ‘சோதனை முடிந்தது’ என்று சொல்லிவிட்டார்கள். ஆட்டம் தொடர்ந்தது. சில நொடிகளில் தப்பு தெரிந்துவிட்டது, ஆனால் மறுபடி தொடங்கிய ஆட்டத்தை நிறுத்த விதியில் இடமில்லை என்று கையைக் கட்டிக்கொண்டார்கள். லிவர்பூல் 2-1 என்று தோற்றது. அந்த உரையாடலின் ஒலிப்பதிவைப் பிறகு வெளியிட்டார்கள். நீங்களும் கேட்டுப் பாருங்கள். இயந்திரம் ஒரு தப்பும் செய்யவில்லை. அறைக்குள்ளும் மனிதர்கள்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நான் 17 வருடம் கோட்டோரம் கொடி பிடித்தவன். பெரிய ஆட்டங்கள் இல்லை, கல்லூரிப் போட்டிகளும் வாரக்கடைசி லீக்குகளும்தான். ஒரு இறுதிப்போட்டியில் கடைசி நிமிடத்தில் விழுந்த கோலுக்குக் கொடி தூக்கினேன். தூக்கிய மறுநொடியே எனக்குச் சந்தேகம். கடைசி டிஃபெண்டரின் நேர்கோட்டில் நிற்க வேண்டியவன் இரண்டடி பின்தங்கியிருந்தேன். அங்கிருந்து பார்த்தால், டிஃபெண்டரைவிட எனக்குக் கிட்டே இருப்பவன் உள்ளதைவிட முன்னே தெரிவான். ஆட்டம் முடிந்ததும் கோல் போட்ட பையன் வந்து, ‘சார், நெஜமாவே ஆஃப்சைடா?’ என்று கேட்டான். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு அவனை நான் பார்க்கவில்லை, ஆனால் அந்தக் கேள்வி இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. தப்பு செய்தவன் நான், கேட்டவனுக்கு எதிரே நின்றவனும் நான். இப்போது தப்பு நடந்தால் அந்தப் பையன் யாரைப் போய்க் கேட்பான்? அறையிலிருந்து வரும் குரலுக்காகக் காதில் கை வைத்து நிற்கும் ரெஃப்ரியையா?

எங்கள் கண்ணை நம்பிக் கிடந்தது ‘அவலம்’ போல எழுதியிருக்கிறீர்களே, இயந்திரக் கண்ணின் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். விநாடிக்கு 50 படம் எடுக்கும் கேமரா, விநாடிக்கு 8 மீட்டர் ஓடும் வீரர். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் அவர் 16 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுகிறார். இதை வைத்துக்கொண்டு அக்குளுக்கும் தோளுக்கும் கோடு கிழித்துப் பல வருடம் கோல்களை ரத்து செய்தார்கள். 2022 கத்தார் உலகக் கோப்பையில் 12 கேமராக்களும் பந்துக்குள் சென்சாரும் வந்து அளவு துல்லியமானது உண்மை. துல்லியம் வந்து என்ன? 2024 யூரோவில், அதாவது ஐரோப்பியக் கோப்பையில், ஜெர்மனிக்கு எதிராக டென்மார்க்கின் ஆண்டர்சன் போட்ட கோல், சக வீரர் டெலேனியின் கால்விரல் அளவு ஆஃப்சைடுக்காகப் போனது. சில நிமிடங்களிலேயே அதே ஆண்டர்சனின் கையில் பந்து உரசியதை சென்சார் வரைபடம் காட்டியதால் ஜெர்மனிக்குப் பெனால்டி. அந்த உரசலை மைதானத்தில் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? கோலடிக்கக் காத்திருப்பவன் அநியாயமாக முன்கூட்டிப் போய் நிற்கக்கூடாது என்பதற்காக வந்த விதி ஆஃப்சைடு. விரல் நகம் அளப்பதற்காக வந்ததல்ல.

ஹேண்ட்பால், அதாவது பந்து கையில் படும் குற்றத்தின் கதை இன்னும் மோசம். 2019இல் விதியை மாற்றினார்கள், 2021இல் மறுபடி மாற்றினார்கள். எந்த ஸ்லோமோஷனிலும் எல்லாக் கையும் வேண்டுமென்றே நீட்டின கையாகத்தான் தெரியும். பந்து எங்கே பட்டது என்று பார்க்கத்தான் ஸ்லோமோஷன், குற்றமா என்று முடிவு செய்ய இயல்பான வேகத்தில் பார்க்க வேண்டும் என்று வி.ஏ.ஆர். நெறிமுறையே சொல்கிறது. ‘தெளிவான, வெளிப்படையான பிழை’ என்றால் மட்டுமே தலையிட வேண்டும் என்றும் சொல்கிறது. நான்கு நிமிடம் உற்றுப் பார்த்துக் கண்டுபிடிப்பது எப்படி ஐயா வெளிப்படையான பிழையாகும்?

தொழில்நுட்பத்துக்கே நான் எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். 2010 உலகக் கோப்பையில் இங்கிலாந்தின் லாம்பார்ட் அடித்த பந்து கோட்டைத் தாண்டி நன்றாக உள்ளே விழுந்தும் கோல் கொடுக்காமல் விட்டபோது நானும்தான் தலையில் அடித்துக்கொண்டேன். கோல்கோட்டுத் தொழில்நுட்பம் அதைத் தீர்த்துவிட்டது. ஒரு விநாடிக்குள் ரெஃப்ரியின் கைக்கடிகாரம் சொல்லிவிடும், சண்டை முடிந்தது. வி.ஏ.ஆரில் சண்டை அப்போதுதான் தொடங்குகிறது.

என் மகள் இப்போது கோல் விழுந்தால் கத்துவதில்லை. என்னைத் திரும்பிப் பார்த்து, ‘இப்போ கத்தலாமாப்பா?’ என்கிறாள். எனக்கும் தெரியாது என்பதால் இரண்டு பேரும் திரையைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறோம். ரெஃப்ரி மையக்கோட்டுக்குத் திரும்பும்போது கத்துவதற்கு எதுவும் மிச்சமிருப்பதில்லை.

லைன்ஸ்மேன்கள் பாடு இன்னொன்று. ஆஃப்சைடு என்று கண்ணில் பட்டாலும் கோல் வாய்ப்பு இருந்தால் கொடியைத் தாமதமாகத் தூக்கச் சொல்கிறார்கள். அதுவரை இரண்டு பேர் முழு வேகத்தில் மோதிக்கொள்ள வேண்டும். கொடி பிடித்தவனுக்குத்தான் தெரியும், தெரிந்ததைச் சொல்லாமல் கையைக் கீழே வைத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று.

இங்கிலாந்தின் வுல்வ்ஸ் கிளப் 2024இல் வி.ஏ.ஆரை நீக்கக் கோரி ஓட்டெடுப்பு கேட்டது. 19-1 என்று தோற்றது. அதே ஆண்டு சுவீடனில் வேண்டாம் என்றே முடிவு செய்தார்கள். இரண்டும் உங்கள் பக்கத்தில் ஒரு வரியாவது வந்ததா? நான் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. என் கண்ணின் குறையாகவும் இருக்கலாம். எப்படியும் அதை நம்பிக் கிடந்த காலம்தான் மலையேறிவிட்டதே.

ஒரே ஒரு வேண்டுகோள். வி.ஏ.ஆரைத் தூக்கச் சொல்லி நான் உங்களைக் கேட்கவில்லை, அது உங்கள் கையில் இல்லை. ‘மூன்றாம் நடுவர்’ என்று எழுதுவதை மட்டும் நிறுத்துங்கள். முடிந்தால், ஸ்கோர் பெட்டிக்குக் கீழே எந்த நிமிடத்தில் எந்தத் தீர்ப்பை மாற்றினார்கள், அதற்கு எத்தனை நிமிடம் எடுத்தார்கள் என்று ஒரு வரி போடுங்கள். சிகையலங்காரப் படத்தைக் கொஞ்சம் சுருக்கினாலே அதற்கு இடம் கிடைத்துவிடும்.

இப்படிக்கு,
பழைய லைன்ஸ்மேன் ஒருவன்