சட்டியில் சாகாத உளுந்து

அன்புள்ள முருகேசா,

பொங்கலுக்கப்புறம் ஒரு வரிகூட எழுதவில்லை, திட்டிக்கொள். இங்கே எல்லோரும் சுகம். மணியண்ணன் உன்னைக் கேட்டார். அந்த மூவாயிரத்தை நீ மறந்தாலும் அவர் மறக்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். வேரழுகல் பூசணம் கலந்த மண்ணிலும் புது உளுந்து ரகத்தில் ஒரு செடிகூடச் சாகவில்லை என்று துள்ளி எழுதியிருக்கிறாய். படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. எங்கே வைத்துச் சோதித்தாய்? ஏற்காட்டில்! மேக்ரோபோமினாவுக்கு, அதுதான் அந்த வேரழுகல் பூசணத்துக்கு, 30 முதல் 35 டிகிரி சூடு வேண்டும், மண் காய வேண்டும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், நிழல் கொட்டகையில், தினமும் பூவாளியால் ஊற்றினால் எந்த ரகம்தான் சாகும்? இதை நம்பி ஓமலூர்ப் பக்கம் செம்மண்ணில் மாசிப்பட்டத்துக்கு விதைக்கிறவன் என்ன ஆவான், சொல்.

சட்டிகளைச் சேலத்துக்கு இறக்கு. மணல் 19 பங்கு, மக்காச்சோள மாவு 1 பங்கு, ஈரமாகப் பிசிறி, ஆட்டோகிளேவில், அதாவது நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் கலத்தில், 121 டிகிரியில் வைத்து எடு. ஆறியதும் பூசணத்தை இட்டு இரண்டு வாரம் வளர விடு. நடுநடுவே குலுக்கு, இல்லாவிட்டால் கட்டி கட்டியாகி மண்ணில் சமமாகக் கலக்காது. 5 கிலோ மண்ணுக்கு 250 கிராம் போதும்.

ஒப்பீட்டுச் சட்டியில் வெறும் மண் போட்டிருக்கிறாயே, அது கூடாது. பூசணம் இடாத அதே மணல்-மாவு 250 கிராம் அதிலும் சேர வேண்டும். மாவே வேறு பூஞ்சைகளை இழுத்து விதையை அழுக வைக்கும். எளிதில் நோய் வாங்கும் ரகம் ஒன்றும் பக்கத்திலேயே இருக்கட்டும். அதுவும் பிழைத்தால் சோதனையே செல்லாது. விதை நேர்த்தி செய்த விதையா என்று பையைப் பார்த்துவிடு. மருந்து ஏறியிருந்தால் பயனில்லை.

தண்ணீரைக் கண்ணால் அளக்காதே, தராசில் அளந்து ஊற்று. காய்ந்த மண் 5 கிலோ, நனைத்து வடிந்தபின் 6 கிலோ என்றால் பிடித்த நீர் 1 கிலோ. செடி நிலைக்கும்வரை தாராளமாக ஊற்று. பூ எடுக்கும்போது சட்டியின் எடை கழித்து 5.4 கிலோவில் நிறுத்து, அதாவது பிடித்த நீரில் 40 சதவீதம் மட்டும் இருக்கட்டும்.

வாடியதையெல்லாம் நோய்க் கணக்கில் எழுதிவிடாதே. வறட்சியில் வாடியது தண்ணீர் கண்டால் நிமிரும், வேர் வெள்ளையாக இருக்கும். நோய் கண்டதைப் பிடுங்கினால் பக்கவேர்களை விட்டுவிட்டு லேசாகக் கையோடு வரும். ஆணிவேரின் பட்டை நார் நாராக உரியும். உள்ளே கரித்தூள் தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள், லென்ஸில் தெளிவாகத் தெரியும். அந்த வேரை நறுக்கி, 1 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டில் ஒரு நிமிடம் அலசி, கிருமி நீக்கிய நீரில் மூன்று தரம் கழுவி, பூசணம் வளர்க்கும் உருளைக்கிழங்கு அகார் கூழில் வை. நீ இட்ட பூசணமே திரும்பி வந்தால்தான் அது நோய் என்று எழுது.

மணலும் மாவும் நான் வாங்கி வைக்கிறேன், விதையை மட்டும் கொண்டுவா. அதுவரை ரகத்தின் பெயரை ஒரு விவசாயி காதிலும் போடாதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

அன்புடன்,
செந்தில்
சேலம்